சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு
பழைய டிராக்டரில் டீசல் கசிவைக் கண்டறிந்து சரிசெய்யும் முறை

பழைய டீசல் டிராக்டரில் டீசல் சொட்டும் இடமும் கசியும் இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. டீசல் மெல்லிய எண்ணெய். குழாயின் அடிப்பக்கம் வழியாகவும் போல்ட்டின் மரை வழியாகவும் ஊர்ந்து, இன்ஜினின் தாழ்வான மூலைக்குப் போய்த்தான் துளியாகத் திரளும். ரேடியேட்டர் ஃபேனின் காற்று அதைப் பின்னால் தள்ளுகிறது. இன்ஜின் அதிர்வு அதைப் பரப்புகிறது. வண்டி சரிவில் நின்றால் ஓட்டத்தின் திசையே மாறுகிறது. சொட்டும் இடத்துக்கு மேலிருக்கும் நட்டுகளை எல்லாம் ஸ்பேனர் போட்டு இறுக்குவதால் கசிவு நிற்பது அரிது. மரை தேய்ந்தும் வாஷர் நசுங்கியும் புதிய கசிவுகள் பிறப்பதே மிச்சம். முதலில் கசியும் இடத்தை உறுதி செய்வது, பிறகு பழுது பார்ப்பது என்ற வரிசை மாறாதவரை பெரும்பாலான கசிவுகள் சிறு செலவில் தீர்ந்துவிடும்.

போடிநாயக்கனூர் வட்டாரத்தில் இந்த அறிவுக்குத் தேவை அதிகம். அடிவாரத்தில் நெல், தென்னை, மா, பருத்தி விளையும் நிலங்களில் உழவுக்கும் டிரெய்லர் இழுக்கவும் பழைய டிராக்டர்கள் ஓடுகின்றன. மலையடிவார ஊரான முந்தலில் தொடங்கி 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் போடிமெட்டு. அதற்கு அப்பால் விரியும் ஏலத்தோட்டங்களின் செங்குத்தான சரிவில் டிராக்டருக்கு வேலையில்லை. அங்கே ஆளையும் சரக்கையும் சுமப்பது ஜீப், கோடையில் ஏலச்செடிக்குத் தண்ணீர் இறைப்பது டீசல் இன்ஜின். வண்டிகள் வேறானாலும், பழைய வகை இன்ஜின்களில் டீசல் ஓடும் பாதை ஏறக்குறைய ஒன்றுதான். டிராக்டரில் கற்ற முறை மற்ற இரண்டுக்கும் பொருந்தும்.

டீசல் ஓடும் மூன்று பாதைகள்

முதலாவது தாழ்ந்த அழுத்தப் பாதை. டேங்க், அதன் அடியிலுள்ள டீசல் காக், வண்டலும் தண்ணீரும் தங்கும் கிண்ணம், ஃபீட் பம்ப், ஒன்று அல்லது இரண்டு டீசல் ஃபில்டர், இவற்றை இணைக்கும் ரப்பர் ஹோஸும் இரும்புக் குழாயும் இதில் அடங்கும். இங்கே அழுத்தம் மிகக் குறைவு. பெரும்பாலான டிராக்டர்களில் டேங்க் இன்ஜினைவிட உயரத்தில் இருப்பதால் டீசல் தன் எடையாலேயே இறங்கி வருகிறது. அதனால் இந்தப் பகுதியில் உள்ள கசிவு, இன்ஜின் நின்றபின் இரவு முழுவதும்கூடச் சொட்டும்.

இரண்டாவது உயர்ந்த அழுத்தப் பாதை. மெக்கானிக்குகள் வெறுமனே ‘டீசல் பம்ப்’ என்று சொல்லும் இன்ஜெக்ஷன் பம்ப்பில் தொடங்கி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாகப் போகும் இரும்புக் குழாய்கள் வழியாக, டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் நாசில் வரை செல்வது இது. பழைய இன்ஜின்களில் நாசில் திறக்கும் அழுத்தம் பொதுவாக 170 முதல் 250 பார் வரை. கார் டயருக்குள் இருக்கும் காற்றழுத்தம் சுமார் 2 பார்தான். இந்தப் பாதையில் கசிவு இன்ஜின் ஓடும்போது மட்டுமே தெரியும்.

மூன்றாவது ரிட்டர்ன் பாதை. நாசிலின் ஊசிக்கு வழுக்கலாக இருந்து மிஞ்சும் டீசலும், பம்ப்பிலும் ஃபில்டரிலும் மிகையாகும் டீசலும் டேங்குக்குத் திரும்பும் வழி இது. அழுத்தம் இல்லாத பாதை என்பதால் கவனிப்பார் இல்லாமல் கிடக்கும். நாசில் தலைப்பகுதி எப்போதும் ஈரமாக இருக்கும் பல இன்ஜின்களில் குற்றவாளி இதுதான்.

எந்த வகை பம்ப் என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் பல்லாண்டுகளாக ஓடும் டிராக்டர்களில் இரண்டு வகை காணலாம். ஒன்று, சிலிண்டருக்கு ஒன்றாகப் பிளஞ்சர்கள் வரிசையாக அமைந்த இன்லைன் பம்ப். 1951-இல் தொடங்கப்பட்ட மைக்கோ நிறுவனத்தின் பெயரால் இதை இன்றும் ‘மைக்கோ பம்ப்’ என்பார்கள். அந்த நிறுவனம் 2008 முதல் பாஷ் என்ற பெயரில் இயங்குகிறது. மற்றொன்று ஒரே சுழலும் தலை எல்லா சிலிண்டருக்கும் டீசலைப் பங்கிடும் ரோட்டரி பம்ப். கசிவு ஏற்படும் இடங்கள் இரண்டிலும் வேறுவேறு.

சிறு கசிவின் பெரிய விலை

ஒரு துளி டீசலை 0.03 மில்லிலிட்டர் என்று கொள்வோம். நொடிக்கு ஒரு துளி சொட்டினால் ஒரு நாளில் சுமார் இரண்டரை லிட்டர் மண்ணுக்குப் போகிறது. இழப்பு பணத்தோடு நிற்பதில்லை. டீசல் பட்ட இடத்தில் புழுதி ஒட்டிக் கெட்டிப்படும். இன்ஜின் சூடு வெளியேறாது. ஒயரின் மேலுறையும் ஃபேன் பெல்ட்டும் ஊறி நைந்துபோகும். டீசல் சுமார் 210 டிகிரி செல்சியஸில் நெருப்பே இல்லாமல் தானாகப் பற்றக்கூடியது. பாரம் இழுக்கும் இன்ஜினின் சைலன்சர் மேனிஃபோல்டு அந்தச் சூட்டை எளிதில் தாண்டும். ஆகவே மேனிஃபோல்டு பக்கம் தெறிக்கும் கசிவு எவ்வளவு சிறியதானாலும் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டியது.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து கைக்கு. உயர் அழுத்தக் குழாயில் ஊசித்துளை விழுந்தால் அதிலிருந்து பீறிடும் டீசல் கண்ணுக்கே தெரியாத புகைபோல இருக்கும். விரலால் தடவிப் பார்த்தால் தோலைத் துளைத்துச் சதைக்குள் புகுந்துவிடும். வெளியே சிறு புள்ளி மட்டுமே தெரியும். தொடக்கத்தில் வலிகூட இருக்காது. உள்ளே சதை அழுகி, விரலையோ கையையோ இழக்க நேரிடும். இது நேர்ந்தால் மருந்து தடவிக் காத்திருக்காமல், டீசல் தோலுக்குள் பாய்ந்துவிட்டது என்று சொல்லி உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். இன்ஜின் ஓடும்போது கசிவு தேட, நீளமான அட்டையைக் குழாய் அருகே பிடிப்பதே முறை. அட்டையில் ஈரக்கோடு விழும் இடத்துக்கு நேரே கசிவு இருக்கிறது.

கண்டறியும் வரிசை

ஒழுகுவது டீசல்தானா என்பது முதல் கேள்வி. டீசல் விரலிடுக்கில் பிசுபிசுப்பில்லாமல் வழுக்கும், வாடையைக் கொண்டே சொல்லிவிடலாம். இன்ஜின் ஆயில் கறுப்பு, கெட்டி. ஹைட்ராலிக் ஆயில் தெளிவாக, பிசுக்காக இருக்கும். சந்தேகமிருந்தால் வெள்ளைத் தாளில் ஒரு துளி வைத்துப் பார்த்தால் டீசல் விரைவாக அகலப் பரவும், ஆயில் நடுவிலேயே தங்கும்.

அடுத்தது கழுவுதல். பல ஆண்டு அழுக்கின்மேல் கசிவு தேடுவது வீண். ஆறிய இன்ஜினில் மண்ணெண்ணெயும் பிரஷும் கொண்டு பம்ப், ஃபில்டர், குழாய்கள், நாசில் தலைகள் எல்லாவற்றையும் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் அலசி, காற்றடித்து உலர்த்த வேண்டும். டைனமோவிலும் ஸ்டார்ட்டரிலும் தண்ணீர் புகாமல் பிளாஸ்டிக் உறையால் மூடிக்கொள்ளலாம். உலர்ந்த இணைப்புகளின்மேல் முகப்பவுடரையோ சாக்பீஸ் தூளையோ மெல்லத் தூவினால், ஈரம் முதலில் கசியும் இடத்தில் வெண்மை கருத்துக் காட்டிக்கொடுக்கும். டேங்க் மூடியையும் காற்றுவழிகளையும் மூடிவிட்டே தூள் தூவ வேண்டும்.

பிறகு படிப்படியான சோதனை. இன்ஜினை ஓட்டாமல் டீசல் காக்கைத் திறந்து அரைமணி நேரம் விடுவது முதல் படி. இதில் ஈரம் தெரிந்தால் டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரையிலான பகுதியிலோ ஃபில்டரிலோ கோளாறு. இரண்டாவது படியில் ஃபீட் பம்ப்பின் கைப்பிரைமரை அடித்துப் பார்க்க வேண்டும். ஃபில்டர் மூடி, உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றும் ‘ஏர் எடுக்கும்’ ஸ்க்ரூ, குழாய் முனையை இணைக்கும் பேன்ஜோ போல்ட் ஆகியவற்றின் கசிவு இதில் வெளிப்படும். மூன்றாவதாக இன்ஜினை மெதுவாக ஓட விட்டு, பிறகு வேகத்தைக் கூட்டி, அட்டையோடு உயர் அழுத்தக் குழாய்களைப் பார்க்க வேண்டும். நான்காவதாகப் பாரம் இழுத்துவிட்டு வந்து பார்க்க வேண்டும். உலோகம் சூட்டில் விரிந்த பிறகே வாய் திறக்கும் விரிசல்கள் உண்டு. எந்தப் படியிலும் மிக உயரத்தில் இருக்கும் ஈரத்தைத்தான் தேட வேண்டும். கீழே உள்ளதெல்லாம் அதிலிருந்து வழிந்ததாகவே இருக்கக்கூடும்.

டீசல் வெளியே வராமல் காற்று உள்ளே போவதும் கசிவுதான். ஃபீட் பம்ப் உறிஞ்சும் பக்கத்தில் இணைப்பு தளர்ந்திருந்தால் சொட்டே இல்லாமல் காற்றை இழுக்கும். டேங்க் தாழ்வாகப் பின்னால் இருக்கும் ஜீப்புகளில் இது அதிகம். காலையில் ஸ்டார்ட் ஆகி ஒரு நிமிடத்தில் நிற்பது, மேடேறும்போது இழுவை விட்டுவிட்டுப் போவது, அடிக்கடி ஏர் எடுக்க வேண்டியிருப்பது இதன் அடையாளங்கள். குழாய் ஒன்றுக்குப் பதிலாகத் தற்காலிகமாக ஒளி ஊடுருவும் ஹோஸை மாட்டினால் குமிழ்கள் ஓடுவது தெரியும். அதே நேரம், போடிமெட்டு உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஏறக்குறைய 15 சதவீதம் குறைவு என்பதால், பழைய இன்ஜின் மலை ஏறும்போது சற்றுக் கரும்புகை தள்ளுவது இயல்பு. புகையை மட்டும் வைத்துக் கசிவு என்றோ நாசில் கோளாறு என்றோ முடிவு கட்டக் கூடாது.

தாழ்ந்த அழுத்தப் பகுதியில் பழுது

டேங்கின் அடியில் தேங்கும் தண்ணீர் உள்ளிருந்து துரு ஏற்றி ஊசித்துளை இடும். மூடுபனியும் மழையும் மிகுந்த மலைப்பகுதியில் பாதி காலியான டேங்குக்குள் ஈரக்காற்று குளிர்ந்து நீராகப் படியும். மாலையில் டேங்கை நிரப்பி வைப்பது இதைக் குறைக்கும். துளை விழுந்த டேங்கை வண்டியிலேயே வைத்து வெல்டிங் செய்யக் கூடாது. காலி டேங்குக்குள் இருக்கும் ஆவி வெடிக்கும். டேங்கைக் கழற்றி, நன்றாகக் கழுவி, ஆவியை முற்றிலும் வெளியேற்றிய பிறகு, அந்த வேலையில் தேர்ந்தவரிடம் மட்டுமே கொடுக்க வேண்டும். துரு பரவியிருந்தால் டேங்கை மாற்றுவதே சரி.

ரப்பர் ஹோஸை மடக்கிப் பார்த்தால் வெடிப்பு தெரியும். தண்ணீருக்கும் காற்றுக்கும் விற்கும் ஹோஸ் டீசலில் ஊறி உப்பிவிடும். டீசலுக்கென்று உள்ளதைத்தான் போட வேண்டும். கிளிப்பை ஹோஸ் பிதுங்கும் அளவுக்கு முறுக்கினால் ரப்பர் அறுபடும். ஃபில்டர் மாற்றியவுடன் தொடங்கும் கசிவுக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: பழைய ரப்பர் வளையம் ஃபில்டர் தலையிலேயே ஒட்டிக்கிடக்க, அதன்மேல் புதியதைப் போட்டிருப்பார்கள். ஃபில்டரின் நடு போல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கினால் அலுமினியத் தலையின் மரை உரிந்துவிடும். உரிந்த மரையை லேத் பட்டறையில் புதிய மரைச்சுருள் பொருத்திச் சரிசெய்யலாம்.

பேன்ஜோ போல்ட்டின் இருபுறமும் உள்ள செம்பு வாஷர்கள் ஒருமுறை நசுங்கியே அடைப்பைத் தருகின்றன. நசுங்கிய செம்பு கெட்டிப்பட்டுவிடும்; மறுபடி இறுக்கினால் படியாது. புதியது போடுவதே நல்லது. கிடைக்காத இடத்தில் பழைய வாஷரை மங்கிய சிவப்பாகப் பழுக்கும்வரை சுட்டுத் தண்ணீரில் போட்டால் செம்பு மீண்டும் மென்மையாகும். கருமையைத் துடைத்துவிட்டு ஒருமுறை பயன்படுத்தலாம். வாஷர் உட்காரும் முகத்தில் கீறல் இருந்தால் எந்த வாஷரும் நிற்காது. டெஃப்லான் டேப்பும் பிசின் வகைகளும் டீசல் பாதைக்கு ஆகாது. அவற்றின் துணுக்குகள் ஓடிப்போய் பம்ப்பையும் நாசிலையும் அடைக்கும்.

உயர் அழுத்தக் குழாயும் நாசிலும்

குழாயின் முனை கூம்பாகச் செய்யப்பட்டு, நட்டால் அழுத்தப்பட்டு உலோகத்தோடு உலோகம் பொருந்தி நிற்கிறது. வாஷர் எதுவும் இல்லை. கசிந்தால் முதலில் நட்டை முழுவதும் தளர்த்தி, குழாயைக் கைவிரலாலேயே நேராக உட்கார வைத்து, இரு முனை நட்டுகளையும் கையால் திருகியபின் ஸ்பேனர் போட வேண்டும். சாய்வாக உட்கார்ந்த குழாயை இறுக்கி நேராக்க முடியாது. கையேட்டில் சொன்ன அளவுக்கு மேல் இறுக்கினால் கூம்பு பிதுங்கி உள்துளை சுருங்கும். அந்த சிலிண்டருக்குப் போகும் டீசல் குறைந்து இன்ஜின் நொண்டும். விரிசல் விட்ட குழாயைப் பற்றவைப்பதோ ஈயம் வைப்பதோ கூடாது. அந்த அழுத்தத்தில் ஒட்டு நிற்காது. அதே நீளமும் உள்துளையும் கொண்ட புதுக் குழாய்தான் தீர்வு. குழாய்களைச் சேர்த்துப் பிடிக்கும் சிறு கிளாம்புகளைக் கழற்றிவிட்டு மறந்துபோவது விரிசலுக்கு ஒரு முக்கியக் காரணம். கிளாம்பு இல்லாத குழாய் அதிர்ந்து அதிர்ந்து ஒருநாள் முறியும்.

பம்ப் பக்கத்து நட்டைத் தளர்த்தும்போது இரண்டு ஸ்பேனர் தேவை. இன்லைன் பம்ப்பில் கீழேயுள்ள டெலிவரி வால்வு ஹோல்டரை ஒன்றால் பிடித்துக்கொண்டு மேலுள்ள நட்டை மற்றொன்றால் திருப்ப வேண்டும். இல்லையெனில் ஹோல்டரும் சேர்ந்து சுழன்று அதன் அடியில் புதுக் கசிவு தொடங்கும். அந்தக் கசிவை நிறுத்த ஹோல்டரை வெறித்தனமாக இறுக்கினால் உள்ளே பிளஞ்சர் ஓடும் பேரல் நெளிந்து, டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் ரேக் சிக்கிக்கொள்ளக்கூடும். ரேக் சிக்கினால் இன்ஜின் கட்டுக்கடங்காத வேகத்தில் ஓடக்கூடும்.

நாசில் தலையிலுள்ள ரிட்டர்ன் குழாயின் சிறு போல்ட்டுகளுக்கும் செம்பு வாஷர் உண்டு. அவற்றை ஒரு செட்டாக மாற்றுவது எளிது. நாசிலின் அடியில் கறுப்பு ஈரமும் ‘புஸ் புஸ்’ என்ற ஓசையும் வந்தால் அது டீசல் கசிவல்ல. நாசில் உட்காரும் வாஷர் வழியாக சிலிண்டரின் எரிப்பு வாயு வெளியேறுகிறது. நாசிலைக் கழற்றி, இருக்கையைச் சுத்தம் செய்து, புது வாஷர் போட்டு, இருபுற நட்டையும் சமமாக இறுக்கினால் தீரும்.

கண்ணுக்குத் தெரியாத கசிவு

மிகக் கெடுதலான கசிவு வெளியே ஒரு துளிகூடக் காட்டாது. டிப் ஸ்டிக்கில் ஆயில் மட்டம் குறைவதற்குப் பதிலாக ஏறினால், ஆயில் நீர்த்து டீசல் வாடை அடித்தால், டீசல் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. இன்ஜினின் பக்கவாட்டில் கேம் ஷாஃப்ட்டால் இயங்கும் ஃபீட் பம்ப்பின் டயாஃப்ரம் கிழிந்தால் டீசல் நேராக ஆயில் தங்கும் சம்ப்புக்கு இறங்கும். ரோட்டரி பம்ப்பின் ஷாஃப்ட் சீல் தேய்ந்தால் டைமிங் கேஸ் வழியாக இறங்கும். இன்லைன் பம்ப்பில் பிளஞ்சர்கள் தேய்ந்தால் பம்ப்பின் அடிப்பகுதி ஆயிலில் கலக்கும். மூடாமல் சொட்டும் நாசிலும் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு டீசலை ஆயிலுக்குள் அனுப்பும்.

நீர்த்த ஆயில் பேரிங்கைக் காக்காது. ஆயில் அழுத்தம் விழுந்து கிராங்க் ஷாஃப்ட்டே தேயும். அறிகுறி தெரிந்தவுடன் ஓட்டத்தை நிறுத்தி, ஃபீட் பம்ப்பைக் கழற்றி டயாஃப்ரம் பார்ப்பது முதல் வேலை. அது நல்லபடி இருந்தால் நாசில்களையும் டீசல் பம்ப்பையும் டெஸ்ட் பெஞ்ச் உள்ள பட்டறைக்கு அனுப்ப வேண்டும். பழுது தீர்ந்ததும் ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றாமல் இன்ஜினை ஓட்டக் கூடாது.

டீசல் பம்ப்பின் வயிற்றைத் தோட்டத்திலோ களத்திலோ பிரிப்பது தவறு. அதன் பிளஞ்சர் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். ஒரு தூசு போதும் கெடுக்க. பக்க மூடியின் கேஸ்கெட், ஆக்ஸிலரேட்டர் ஷாஃப்ட்டின் சீல் போன்றவற்றில் வரும் கசிவையும் பம்ப் பட்டறையிலேயே சரிசெய்து, டீசல் அளவைச் சோதித்து வாங்குவது நல்லது. பம்ப்பைக் கழற்றுமுன் டைமிங் குறியை அடையாளமிட்டுக்கொள்ள வேண்டும்.

டீசல் மாறியது, சீல் மாறவில்லை

பழைய டிராக்டர்களில் பல இடங்களில் சேர்ந்தாற்போல் கசிவு வருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2017 ஏப்ரலில் நாடு முழுவதும் பாரத் ஸ்டேஜ் 4 டீசலும், 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 டீசலும் வந்தன. முந்தையதில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கு வரை. பிந்தையதில் 10 பங்கு மட்டுமே. கந்தகத்தை நீக்கும்போது டீசலின் அரோமாட்டிக் பொருள்களும் குறையக்கூடும். பல ஆண்டுகளாக அந்தப் பொருள்களை உறிஞ்சி உப்பியிருந்த பழைய நைட்ரைல் ரப்பர் சீல்கள், அவை குறைந்ததும் சுருங்குகின்றன. அமெரிக்காவில் 1993-இல் கந்தகம் குறைந்த டீசல் வந்தபோது பழைய பம்ப்புகளில் இதே தொல்லை எழுந்தது. இப்படிப்பட்ட வண்டியில் ஒவ்வொரு ஓ-ரிங்காகத் துரத்துவதைவிட, பம்ப்பை ஒருமுறை பட்டறைக்கு அனுப்பி, முழு சீல் செட்டையும் விட்டான் போன்ற டீசல் தாங்கும் ரப்பரில் மாற்றிவிடுவது சிக்கனம்.

ஏர் எடுத்தலும் பிந்தைய கவனிப்பும்

எந்தக் குழாயைக் கழற்றினாலும் காற்று புகும். அதை வெளியேற்றும் வரிசை டேங்கிலிருந்து நாசில் நோக்கிச் செல்ல வேண்டும். முதல் ஃபில்டரின் ஸ்க்ரூவைத் தளர்த்திக் குமிழ் இல்லாத டீசல் வரும்வரை பிரைமர் அடித்து மூட வேண்டும். அடுத்து இரண்டாவது ஃபில்டர், பிறகு பம்ப்பின் ஸ்க்ரூ. கடைசியாக நாசில் பக்கத்து நட்டுகளைச் சற்றுத் தளர்த்தி, ஸ்டார்ட்டர் சுழல டீசல் எட்டிப் பார்த்ததும் இறுக்க வேண்டும். அப்போது கை, முகம் எதுவும் அருகில் இருக்கக் கூடாது. ஸ்டார்ட்டரை ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து நொடிக்கு மேல் சுழற்றாமல் ஆறவிட வேண்டும். வெளிவந்த டீசலைத் துடைத்து, கழுவி உலர்த்திய இன்ஜினில் முதலில் செய்த நான்கு படிச் சோதனையை மறுபடி செய்தால்தான் பழுது முடிந்ததாகக் கொள்ளலாம்.

கொட்டிய டீசலைத் தண்ணீர் விட்டுக் கழுவித் தள்ளக் கூடாது. மரத்தூளோ காய்ந்த மணலோ போட்டு ஊறவைத்து அள்ளிவிட வேண்டும். மலைச்சரிவில் கொட்டுவது ஓடைக்குப் போகும். போடிமெட்டின் கிழக்குச் சரிவு நீர் கொட்டகுடி ஆற்றின் வழியே வைகை நோக்கி இறங்குகிறது. ஏலச்செடியின் வேர் மண்ணின் மேலடுக்கிலேயே படர்வதால் டீசல் ஊறிய மண் அதை உடனே பாதிக்கும். ஏலக்காய் பிற வாடையை எளிதில் வாங்கும் சரக்கு. போடியிலும் புற்றடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏல மையங்களில் வாங்குவோர் நிறம், பருமனோடு மணத்தையும் பார்த்தே விலை கேட்கிறார்கள். கசியும் வண்டியிலோ டீசல் கேன் வைத்த மூலையிலோ ஏலக்காய் மூட்டையை ஏற்றினால் ஒரு வருட உழைப்பின் விலை இறங்கிவிடும்.

வாரம் ஒருமுறை டிப் ஸ்டிக்கைப் பார்ப்பது, ஃபில்டர் கிண்ணத்தின் தண்ணீரை வடிப்பது, கிளாம்புகள் இடத்தில் இருக்கின்றனவா என்று கவனிப்பது, ஃபில்டர் மாற்றும்போதெல்லாம் புது வாஷரும் ரப்பர் வளையமும் போடுவது, வெடித்த ஹோஸைச் சொட்டத் தொடங்கும் முன்பே மாற்றுவது ஆகிய ஐந்தும் வழக்கமானால் பெரும்பாலான கசிவுகள் தொடங்கும்போதே கண்ணில் பட்டுவிடும். எஞ்சுவது பம்ப்பின் உட்கோளாறு. அதைப் பட்டறையிடம் விட வேண்டும்.